கிழக்கு வரிசைக்கு மட்டும் பாராட்டு

"என்ரை பிள்ளை உங்களுக்கு என்ன குற்றம் செய்தவள், ரீச்சர்?"

சண்டிலிப்பாய் மிஷன் நெசவுசாலையின் வாசலை மறித்துக்கொண்டு சின்னாச்சி இப்படிக் கேட்டபோது தேவகுமாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. சின்னாச்சியின் மகள் மீனாம்பிகை நெசவு பழக வந்த பிள்ளைகளுள் கெட்டிக்காரி. அவளை ஒருநாளும் அடித்ததில்லை, ஏசியதில்லை. முதல்நாள்தான் அவள் நெய்த முகம் துடைக்கும் துவாயை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, இதைவிட வடிவாக இந்தப் பகுதியில் ஒருவரும் நெய்யமாட்டார்கள் என்று சொல்லியிருந்தாள்.

"நான் அவளைப் புகழ்ந்தெல்லோ சொன்னனான்?"

"அதைத்தான் கேக்கிறன். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை, பட்டப்பகலிலை, வாய் கூசாமல் புகழ்ந்துபோட்டியள். இரவு முழுக்கப் பிள்ளைக்குக் காய்ச்சல். செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பிலை போட்டன். ஒரு தும்மல் வரேல்லை, ஒரு செருமல் வரேல்லை. அவ்வளவு நாவூறு!"

நாவூறு என்றால் என்னவென்று தேவகுமாரிக்குத் தெரியாமலில்லை. நல்லதை நல்லது என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் அந்த நல்லது கெட்டுப்போகும். காய்க்கிற மரம் பட்டுப்போகும். கறக்கிற மாடு உதைக்கும். கொழுத்த குழந்தை இளைக்கும். ஊரில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? ஆனால் அவள் சிறு வயதிலிருந்தே மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவள். நாவூறு, பல்லி சொல்வது, பூனை குறுக்கே போவது எல்லாவற்றையும் அங்கே படலைக்கு வெளியில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கழற்றியவை கழற்றிய இடத்திலேயே கிடக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது அவை சின்னாச்சி உருவத்தில் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றன.

"இனிச் சொல்ல மாட்டன்" என்று சொல்லலாமென்றால் அதற்கும் வழியில்லை. சொல்வதுதான் அவளுடைய வேலை.

ஆசிரிய கலாசாலையில் விரிவுரை செய்யும் இராசசிங்கம் மாஸ்ரர், மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து வந்த தடித்த புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர். அங்கே ஒரு பூனையைப் பெட்டிக்குள் அடைத்தார்களாம். அது கதவைத் திறந்து வெளியே வந்தால் மீன் துண்டு கொடுத்தார்களாம். மீன் கிடைக்கக் கிடைக்கப் பூனை சுறுக்காகத் திறந்ததாம். செய்த வேலைக்கு இன்பம் வந்தால் வேலை மனதில் ஒட்டும் என்பது முதலாம் விதி. பூனைக்குச் சரியான விதி, கைத்தொழில் பழகும் பிள்ளைக்கும் சரிதானா என்று பார்த்து ஒரு கட்டுரை எழுதவேண்டுமென்பது மாஸ்ரரின் வாழ்நாள் ஆசை. அதற்குத்தான் தம்மிடம் படித்த தேவகுமாரியை நெசவுசாலைக்கு அனுப்பியிருந்தார்.

கிழக்கு வரிசைத் தறிகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு நல்ல துவாய் நெய்தால் பாராட்டு. மேற்கு வரிசைக்கு நல்ல சொல்லும் இல்லை, கெட்ட சொல்லும் இல்லை. சுவரில் ஒரு பெரிய கடதாசி. அதில் கிழக்குக்குச் சிவப்புக் கோடு, மேற்குக்கு நீலக் கோடு. பிழையில்லாத துவாய்கள் கூடக்கூடக் கோடு ஏறவேண்டும்.

மாரி தொடங்குமுன் சிவப்புக் கோடு நீலக் கோட்டை விட்டு உயர்ந்தால் தேவகுமாரிக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் உடுப்பிட்டிக்கு, அண்ணை வீட்டுக்கு. அங்கே அண்ணையின் மனைவி ஓர் ஆட்டுக்கல்லையும் மூக்கு வடியும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தாள். அந்த வீட்டில் தேவகுமாரிக்கென்று பாய் உண்டு, சுளகு உண்டு, கதிரை இல்லை. நெசவுசாலையில்தான் அவள் பிறந்து முதல்முதலாகத் தனக்கென்று ஒரு கதிரையில் இருந்தாள். ஒரு கால் ஆடும். ஆனாலும் கதிரை.

அடுத்த கிழமை கிழக்கு வரிசையில் வந்த துவாய்கள் எல்லாவற்றிலும் பிழை இருந்தது. மீனாம்பிகையின் வெள்ளைக் கரையின் நடுவே காகம் எச்சமிட்டதுபோல ஒரு கறுப்பு நூல்.

"இது என்ன பிள்ளை?"

"திட்டி, ரீச்சர்."

"என்ன திட்டி?"

"நீங்கள் எப்பிடியும் புகழுவியள் எண்டு தெரியும். அதுதான் முதலே ஒரு பிழை விட்டு வைச்சிருக்கிறன். குழந்தைக்குக் கன்னத்திலை கறுப்புப் பொட்டு வைக்கிறேல்லையே, அது மாதிரி."

"மற்றப் பிள்ளையளும் உப்பிடியோ?"

"ஓம். ஸ்ரெல்லா மூண்டு இடத்திலை விட்டவள்."

"ஸ்ரெல்லா வேதக்காரப் பிள்ளை, ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போறவளெல்லோ?"

"வேதக்காரருக்கு வயித்துக்குத்து வராதோ, ரீச்சர்?"

சிவப்புக் கோடு கிணற்றுக்குள் இறங்கும் வாளிபோல இறங்கியது. யாரும் கவனிக்காத மேற்கு வரிசை தன்பாட்டுக்கு நெய்துகொண்டிருந்தது. நீலக் கோடு அசையாமல் நின்றது.

சனிக்கிழமை பஸ் பிடித்து இராசசிங்கம் மாஸ்ரரிடம் போனாள்.

"சேர், சனம் நாவூறுக்குப் பயப்பிடுது."

மாஸ்ரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்கிறவரைப் பார்க்க விரும்பவில்லை என்று அர்த்தம்.

"புத்தகத்திலை நாவூறு எண்டு ஒரு அதிகாரம் இருக்கோ?"

"இல்லை, சேர்."

"அப்ப அந்தச் சொல் இனி என்ரை காதிலை விழப்படாது. விழுந்தால் அண்டைக்கே உம்மடை பரிசோதனை முடிஞ்சுது. பிழை எங்கையெண்டால், இன்பம் காணாது, இன்னும் வேணும். பூனைக்கு மீன் குடுத்தவன், 'நீ நல்ல பூனை' எண்டு சொல்லிப்போட்டோ விட்டவன்? கையிலை பொருளாக் குடுக்கவேணும்."

அவள் வரும் வழியில் நல்ல பட்டு ரிபன் வாங்கிக்கொண்டு வந்தாள். கிழக்கு வரிசையில் பிழை குறைவாக நெய்த பிள்ளைகளின் சடையில் தன் கையாலேயே கட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைகள் ரிபனோடு வீட்டுக்குப் போனார்கள். ரோட்டில் போன வண்டில்காரன் திரும்பிப் பார்த்தான். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தவன் திரும்பிப் பார்த்தான். தேநீர்க் கடையில் இருந்த வேலையற்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாயாலை புகழ்ந்தது காணாதெண்டு இப்ப கொடியும் ஏத்திப்போட்டியளோ?" என்றாள் சின்னாச்சி.

மறுநாள் காலையில் நெசவுசாலை முற்றத்தில் ஒரு வெருளி நின்றது. வைக்கோல் வயிறு, பானைத் தலை, சுண்ணாம்புப் பற்கள், கறுப்புக் கோட்டு. தோட்டத்துக்கும் புதுவீட்டுக்கும் வைக்கிறதைத் தாய்மார் ஒன்றுகூடித் தறிகளுக்கு வைத்திருந்தார்கள். அதைப் பிடுங்குவதா விடுவதா என்று தேவகுமாரி யோசித்துக்கொண்டு நிற்கையில் போதகர் செபநாயகம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"மிஷன் வளவுக்குள்ளை உது என்ன?"

"வெருளி, ஐயா."

"வெருளி எண்டு எனக்கும் தெரியும். அது போட்டிருக்கிறது என்ன?"

தேவகுமாரி நிலத்தைப் பார்த்தாள். கிறிஸ்மஸுக்கு ஏழைகளுக்குக் கொடுத்த பழைய உடுப்புகளுள் அந்தக் கோட்டும் ஒன்று.

"உங்கடை கோட்டு, ஐயா."

போதகர் வெருளியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"பொத்தான் எல்லாம் பூட்டிக் கிடக்கு" என்றார் துயரத்தோடு. "எனக்கு ஒருநாளும் பூட்டினதில்லை. பிடுங்கி எறி, பிள்ளை!"

பிடுங்கினாள். வெருளி இல்லாத இடத்தில் ரிபன் கட்டமுடியாதென்று கிழக்கு வரிசையில் பாதிப் பிள்ளைகள் அன்று பின்னேரமே நெசவுக்கு வராமல் நின்றுவிட்டார்கள். சிவப்புக் கோடு கடதாசியின் அடி விளிம்பைத் தொட்டது. இனி இறங்குவதென்றால் சுவரில்தான் கீறவேண்டும்.

தெற்கே வானம் கறுத்துவந்தது. ஊரில் எல்லாரும் மழை வருகிறதென்று சந்தோஷப்பட்டார்கள். தேவகுமாரிக்கு அந்த இடிமுழக்கம் உடுப்பிட்டி ஆட்டுக்கல் சுழல்வதுபோலக் கேட்டது.

அந்த நேரம் பார்த்து மீனாம்பிகை ஒரு துவாயைக் கொண்டுவந்து நீட்டினாள். மற்றப்படி குறையே சொல்லமுடியாத துவாய். நட்டநடுவில் வேண்டுமென்றே விட்ட கறுப்பு நூல். தேவகுமாரிக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"இது துவாயோ, சாக்கோ? உனக்கு நெசவு இந்தச் சென்மத்திலை வராது. போய்ப் புகையிலைக்குத் தண்ணி இறை, போ! மூதேவி!"

பஸ் கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கக் கூச்சப்பட்டு இறங்கிவிடுகிறவள் தேவகுமாரி. பிள்ளை அழப்போகிறதென்று நினைத்தாள். ஆனால் மீனாம்பிகையின் முகம் விளக்கேற்றியதுபோல மலர்ந்தது.

"மெய்யாவோ, ரீச்சர்?" என்று கேட்டுக்கொண்டு தறிக்கு ஓடினாள். மறுநாள் அவள் கொண்டுவந்த துவாயில் கறுப்பு நூல் இல்லை. கூடவே ஒரு கட்டு முருங்கைக்காயும் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா தந்துவிட்டவ. எங்கடை மாடும் தின்னாதாம், ரீச்சருக்குக் குடுக்கட்டாம்."

இந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு தேவகுமாரி சிந்தித்தாள். இன்பம் எதுவோ அது ஒட்டும். ஏச்சுத்தான் இவர்களுக்கு இன்பமென்றால் ஏச்சுத்தான் மீன். விதியில் பிழையில்லை, மீனில்தான் பிழை.

அன்றிலிருந்து அவள் ஏசப் பழகினாள். இயற்கையாக வராத காரியம் ஆகையால் வாடகை வீட்டுக் கிணற்றடியில் நின்று வாளியை ஏசிப் பார்த்தாள். கப்பியை ஏசினாள். பிறகு நெசவுசாலைக்கு வந்து நல்ல துவாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "குரங்கு கட்டின தூளி மாதிரிக் கிடக்கு!" என்றாள். வராமல் நின்ற பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். சிவப்புக் கோடு எழும்பி உட்கார்ந்தது, பிறகு நின்றது, பிறகு நடந்தது.

அது நீலக் கோட்டை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் நல்லம்மா வந்தாள். அவளுடைய மகள் பாலேஸ்வரி மேற்கு வரிசையில் இருந்தாள்.

"என்ரை பிள்ளையை ஏன் ரீச்சர் நீங்கள் ஏசுறேல்லை?"

"அவள் மேற்கு வரிசை, அம்மா. மேற்கு வரிசைக்கு ஒண்டும் சொல்லுறேல்லை எண்டு..."

"மேற்கு வரிசையெண்டால் மனிசரில்லையோ? கிழக்குப் பக்கத்துப் பிள்ளையளை விடிஞ்சால் பொழுதுபட்டால் ஏசுறியள். என்ரை பிள்ளையை ஒரு நாள், ஒரு நாள் எண்டாலும், ஒரு 'சனியன்' எண்டு வாய் நிறையச் சொல்லியிருப்பியளோ? அவள் என்ன தாயில்லாப் பிள்ளையோ?"

நல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தேவகுமாரியால் யாருடைய கண்ணீரையும் பார்க்கமுடியாது.

"சரி, அழாதையுங்கோ" என்றாள். பிறகு மேற்குப் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "பாலேஸ்வரி, நீயும் ஒரு சனியன்தான்" என்றாள்.

அதோடு பரிசோதனை செத்தது. மேற்கு வரிசை முழுவதும் ஏச்சுக்கு வரிசையில் நின்றது. நீலக் கோடும் துள்ளி ஏறியது. இரண்டு கோடுகளும் வண்டில் சில்லுத் தடம்போல ஒன்றையொன்று விடாமல் மேலே போயின. துவாய்கள் எல்லாம் திறமானவை. வித்தியாசம்தான் இல்லை. வித்தியாசம் இல்லாத பரிசோதனை, உப்பில்லாத கூழைவிடக் கேவலமானது என்று மாஸ்ரர் வகுப்பில் சொல்லியிருக்கிறார்.

வாயால் வந்த வினை அதோடு நிற்கவில்லை. நெசவுசாலை ரீச்சருடைய வாய் சாக்கடை என்ற கதை போதகரின் காதுக்கும் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை அவர் நாவடக்கத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். பிரசங்கம் முடியும்வரை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவளால் ஊரில் நடக்கமுடியவில்லை.

"உந்தா போகுது, சண்டிலிப்பாயைப் பிடிச்ச சனி" என்று வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு குரல்.

"நடையைப் பார், கால் முறிஞ்ச வாத்து மாதிரி" என்று கிணற்றடியிலிருந்து இன்னொரு குரல்.

முன்பெல்லாம் சிரித்துக் கதைத்த பெண்கள் இப்போது அவளைக் கண்டால் முகத்தைச் சுளித்து, தூவென்று துப்பினார்கள். பிள்ளைகளை ஏசியவளை ஊர் ஏசுகிறது. கேட்க வேண்டியதுதான் என்று தேவகுமாரி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். இரவில் சோறு இறங்கவில்லை. முருங்கைக்காய் மட்டும் ஒவ்வொரு கிழமையும் தவறாமல் வந்தது. மாடு இன்னும் தின்னத் தொடங்கவில்லைப்போலும்.

முதல் மழைக்கு முன்னதாக இராசசிங்கம் மாஸ்ரர் வாடகைக் காரில் வந்து இறங்கினார். சுவரில் இருந்த கடதாசியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கை வித்தியாசம்?"

"இல்லை, சேர்" என்றாள் தேவகுமாரி.

மாஸ்ரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துவாய்களை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார். கரையை விரலால் தடவினார். பிழை தேடினார். கிடைக்கவில்லை.

"துவாய் திறம். கிழக்கும் திறம், மேற்கும் திறம். அப்ப பாராட்டு இல்லை காரணம்." சற்று யோசித்தார். "ஒருவேளை படிப்பிச்ச விதம் காரணமாயிருக்கலாம். அப்பிடியெண்டால் அதுவும் ஒரு முடிவுதான், எழுதலாம். உம்மையும் நிரந்தரமாக்கலாம். வெளியிலை தாய்மார் நிக்கினம்போலை. அவையளை ஒருக்காக் கேட்பம். ரீச்சராலைதான் பிள்ளையள் பழகினது எண்டு ஒரு ஆள் சொன்னாலே எனக்குக் காணும்."

தேவகுமாரி வாசலை எட்டிப் பார்த்தாள். ஒரு ஆள். ஒரேயொரு நல்ல சொல். இவ்வளவு பேரில் ஒருத்திக்காவது மனம் இரங்காதா?

மாஸ்ரர் ஆடும் கதிரையை முற்றத்துக்கு எடுப்பித்து அதில் இருந்தார். தாய்மார் நல்ல சேலை உடுத்து வந்திருந்தார்கள். சின்னாச்சி முன்னுக்கு வந்தாள்.

"ரீச்சர் எப்பிடிப் படிப்பிக்கிறா?"

"உவவோ?" சின்னாச்சி தேவகுமாரியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "ஐயா, உவவுக்கு நூலுக்கும் நாருக்கும் வித்தியாசம் தெரியாது. தறிக்குக் கிட்டப் போனால் தறி அழும்."

மாஸ்ரர் திடுக்கிட்டார். "அப்ப பிள்ளையள் நல்லா நெய்யினமே?"

"அது அவளவையின்ரை கையின்ரை பழக்கம்" என்றாள் நல்லம்மா. "உவ வந்து, இருந்ததும் பாதி போச்சு. மிச்சம் ஏதோ தப்பிக் கிடக்கு."

"உவவின்ரை முகத்திலை முழிச்சால் அண்டைக்கு எங்கடை கிணறு வத்தும், ஐயா!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"ஒருவரும் ஒண்டும் நல்லதாச் சொல்ல இல்லையோ?" மாஸ்ரர் எல்லாரையும் பார்த்துக் கேட்டார். தேவகுமாரியும் எல்லாரையும் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக, பிச்சை கேட்பதுபோலப் பார்த்தாள்.

"உதிலை என்ன நல்லது கிடக்கு, சொல்லுறதுக்கு?" என்று சின்னாச்சி நிலத்தில் துப்பினாள். எல்லாரும் சேர்ந்து துப்பினார்கள்.

மாஸ்ரர் கதிரையை விட்டு எழுந்தார். அவர் கோபப்படப்போகிறார் என்றுதான் தேவகுமாரி நினைத்தாள். அவரோ அவளைக் காருக்குப் பக்கத்தில் தனியாக அழைத்துப் போனார். முகமெல்லாம் பூரிப்பு.

"உமக்கு விளங்கிச்சுதோ? படிப்பிக்காமலே பழகியிருக்கினம்! செய்து செய்து பழகுறதே காணும். அதுதான் இரண்டாம் விதி! முதலாம் விதிக்கு வந்து இரண்டாம் விதியைக் கண்டுபிடிச்சிட்டம். ஒரு ரீச்சர் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறது லேசான காரியமில்லை. வேறை ஆரை விட்டிருந்தாலும் ஏதாவது கொஞ்சம் படிப்பிச்சுக் கெடுத்திருப்பினம்."

"சேர், நான்..."

"திங்கட்கிழமையிலையிருந்து நெசவுசாலை ரீச்சர் இல்லாமல் நடக்கட்டும். நான் இண்டைக்கே மிஷனுக்கு எழுதுறன். நீர் உடுப்பிட்டிதானே? நல்ல ஊர்."

கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. தேவகுமாரி அந்தப் புழுதி அடங்கும்வரை நின்றாள். பிறகு குடையை எடுக்க உள்ளே போனாள். திரும்பி வரும்போது தாய்மார் எல்லாரும் வாசலைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

சின்னாச்சி ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். கார் போய்விட்டதென்று நிச்சயமான பிறகு, கிட்ட வந்து, வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரகசியம்போலச் சொன்னாள்:

"பயப்பிடாதையுங்கோ, ரீச்சர். உங்களிலை ஆரின்ரை நாவூறும் படாது. இவ்வளவு நாளும் ஊர் முழுக்கச் சேர்ந்து ஏசி ஏசிக் காத்தனாங்கள், இண்டைக்கு அந்தப் பெரிய மனிசனுக்கு முன்னாலையோ விட்டிடுவம்?"

தேவகுமாரி அவளைப் பார்த்தாள். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு படலையைத் திறந்து போனாள்.